எழுந்து நிற்க ஓர் ஆள்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஐந்து வருஷம் ஒரு யூத ஜெப ஆலயத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டவன் நான். ஜெப ஆலயம் இருந்தது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில். என் பெயர் கோமதிசங்கர், சொந்த ஊர் சேரன்மகாதேவி. யூதர் ஒருவரையும் நான் நேரில் பார்த்தது கிடையாது. இதைக் கல்யாண வீட்டில் சொன்னால் பந்தியே சிரிக்கும். நானும் கூடச் சிரித்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். மிச்சக் கதையை யாரிடமும் சொன்னதில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி ஹாஜா, மேலப்பாளையத்துக்காரர். கொரோனா வருஷம், ஆவணி மாதம் என்று நினைக்கிறேன், போனில் கூப்பிட்டார்.

"ஏலே கோமதி, அமெரிக்காவுல யூதப் பள்ளி ஒண்ணு. ஆளுக வீட்டை விட்டு வர முடியலையாம். வெப்சைட் வேணுங்காங்க, தொழுகையை நேரலையா காட்டணுமாம். செய்வியா?"

"நீங்க மேலப்பாளையம், அவங்க யூதர், நடுவுல நான் சேரன்மாதேவி. வெளங்கிரும் அண்ணாச்சி."

"அவங்களுக்கும் இப்ராஹீம் நபிதாம்லே. வாயடிக்காம செஞ்சு குடு."

செய்து கொடுத்தேன். ஆரம்பத்தில் செய்த கூத்துகளுக்குக் கணக்கில்லை. முகப்பில் அழகாக இருக்கிறதே என்று ஒன்பது கிளை விளக்குப் படத்தைப் போட்டேன். அது டிசம்பர் வாக்கில் வரும் பண்டிகைக்கு மட்டும் ஏற்றுவதாம். அவர்கள் ஆபீஸ் வேலையைப் பார்த்துவந்த மிரியம் என்ற எண்பது வயது அம்மாள், "ஆகஸ்ட் மாதத்தில் எங்களுக்குப் பண்டிகை வைத்ததற்கு நன்றி" என்று மெயில் போட்டார். நான் விழுந்து விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் பதிலாக வந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை சூரியன் அடைந்துவிட்டால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும், சனிக்கிழமை இருட்டும் வரை மிரியம் மெயிலைத் தொடவே மாட்டார். இது தெரியாமல் நான் சனிக்கிழமை முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்து நகத்தைக் கடித்திருக்கிறேன்.

அவர்கள் அதிகம் கவலைப்பட்டது நினைவுப் பக்கத்தைப் பற்றித்தான். செத்துப்போனவர்களின் பெயரும் நாளும் உள்ள பட்டியல் அது. நம் தெவசம் மாதிரி வருஷா வருஷம் அந்த நாள் வரும், ஆனால் அவர்கள் மாதக் கணக்கில். எந்த வாரத்தில் யாருடைய நாள் வருகிறதோ, அவர்கள் பெயரை வெள்ளிக்கிழமை மாலைத் தொழுகையில் வாசிப்பார்கள். சொந்தக்காரர்கள் எழுந்து நின்று அதற்கான ஜெபத்தைச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போடச் சொல்லியிருந்தார் மிரியம்: "எழுந்து நிற்கக் குடும்பத்தார் இல்லாதவர்களுக்காக, எங்களில் ஒருவர் நிற்போம்."

இங்கிலீஷ் தேதியைக் கொடுத்தால் அவர்கள் தேதியாக மாற்றி, அந்த வாரப் பெயர்களைத் தானே எடுத்துக் கொடுக்கும்படி நிரல் எழுதினேன். அதில் ஒரு சிக்கல். அவர்களுக்கு நாள் நடுராத்திரியில் மாறுவதில்லை, சூரியன் அடைந்ததும் மாறிவிடுகிறது. என் மண்டையில் இது ஏறவில்லை. ஹாஜாதான் போனில் விளக்கினார்.

"எங்களுக்கும் அப்படித்தாம்லே. மஃரிபு ஆச்சுன்னா மறுநாள். சாயங்காலம் செத்தவனுக்கு அடுத்த நாள் கணக்கு. இதுல என்ன குழப்பம்?"

சரி, சூரியன் அடைந்த பிறகு நடந்த சாவு ஒன்றைப் போட்டு நிரலைச் சோதிக்க வேண்டும். மிரியம் அனுப்பிய பட்டியலில் நேரம் இல்லை, நாள்தான் இருந்தது. மணி நிமிஷத்தோடு எனக்குத் தெரிந்த சாவு ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதை அடித்தேன். ஹம்ஸினி. 2018 நவம்பர் 20. மாலை 6.40.

எங்கள் மகள். இரண்டு நாள் இருந்தாள்.

என் மனைவி விஜயஸ்ரீக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது பேச்சுவாக்கில் வைத்த பெயர் அது. பெண் என்றால் ஹம்ஸினி. அதற்கப்புறம் அதைச் சொல்லிக் கூப்பிட நேரம் வாய்க்கவில்லை. பிறப்புச் சான்றிதழிலும் இறப்புச் சான்றிதழிலும் பெயர்க் கட்டம் வெற்றாக இருக்கிறது. தாயின் பெயரைப் போட்டு, பெண் குழந்தை என்று மட்டும் எழுதியிருக்கும். பெயர் வைக்காத பச்சைப்பிள்ளைக்குத் தெவசம் கிடையாது, நினைத்து நினைத்து அழுதால் அடுத்தது தங்காது என்று என் அத்தை கோமு சொன்னாள். அடுத்தது வரவே இல்லை. சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு அடையாளத்துக்கு ஒரு கல் வைத்தேன். விஜியை அங்கே கூட்டிப்போகக் கூடாது என்றார்கள், நானும் கூட்டிப்போகவில்லை. வீட்டில் அந்தப் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நிரல் சரியாகவே வேலை செய்தது. பகலில் நடந்த சாவு என்றால் கிஸ்லேவ் என்ற அவர்கள் மாதத்தில் பன்னிரண்டு, சூரியன் அடைந்த பிறகு என்பதால் பதின்மூன்று என்று தள்ளிக் காட்டியது. நான் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். சோதனைக்குப் போட்டதை வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மறந்தேனா, கை வரவில்லையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

நவம்பர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை மிரியத்தின் மெயில் வந்திருந்தது. "வெள்ளிக்கிழமை ஹம்ஸினி என்ற பெயரை வாசித்தோம். எங்களில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. வழக்கப்படி எங்களில் மூத்தவரான சால் எழுந்து நின்றார். யாருடைய பிள்ளை என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் எழுதவேண்டும்."

வேலை போனது, ஹாஜா முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையை நாலு வரியில் எழுதி, மன்னிப்புக் கேட்டு, இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்று முடித்தேன். பதில் அரைமணி நேரத்தில் வந்தது. அங்கே அப்போது ராத்திரி பதினொன்றுக்கு மேல் இருக்கும்.

"அழிக்காதே. எங்களிடமும் முப்பது நாள் இருக்காத பிள்ளைக்குத் துக்கம் இல்லை என்று பழைய சட்டம் ஒன்று உண்டு. என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒரு பையன். சாகும்வரை அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை, அதனால் எங்களுக்கும் தெரியாமலே போயிற்று. உன் மகள் எங்கள் பட்டியலில் இருக்கட்டும். உறவுமுறைக் கட்டத்தில் எங்களுடையவள் என்று போட்டிருக்கிறேன்."

ஆபீஸ் கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டுக்குப் போய் விஜியிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. போனேன், ரசம் நன்றாக இருக்கிறது என்றேன்.

அப்படியே வருஷங்கள் போயின. ஒவ்வொரு கிஸ்லேவ் மாதமும் மிரியம் ஒரு வரி எழுதுவார், "வாசித்தோம், சால் நின்றார்" என்று. நான் ஒருதடவைகூட அந்த நேரலையைப் பார்க்கவில்லை. அங்கே வெள்ளி மாலை ஏழு மணி, இங்கே சனி காலை ஐந்தரை. விஜி எழுந்து பால் வாங்கி அடுப்பில் வைக்கும் நேரம். நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பேன்.

இருபத்து மூன்றாம் வருஷம் டிசம்பரில் தாமிரபரணி பெருகியதே, அப்போது சேரன்மகாதேவிக் கரையில் நான் வைத்த கல்லும் போயிற்று. கல் என்ன, அந்த இடமே போயிற்று. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு மணலும் கிழிந்த சாக்குகளும் கிடந்தன, எங்கே நின்று கும்பிடுவது என்று தெரியவில்லை. விஜியிடம் கரை கொஞ்சம் அரித்திருக்கிறது என்றேன். ஆக, மகளுக்கென்று இருந்த இடம் உலகத்திலேயே அந்த வெப்சைட் ஒன்றுதான் என்றாகிவிட்டது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்ததையும் செய்தேன்.

அடுத்த வருஷம் மிரியம் இறந்தார். அவர் பெயரை நான்தான் பட்டியலில் ஏற்றினேன். போன அக்டோபரில், ஆள் குறைந்துவிட்டது, ஐம்பது மைல் தள்ளியுள்ள நகரத்தின் பெரிய ஜெப ஆலயத்தோடு சேர்ந்துகொள்கிறோம், வெப்சைட்டை மூடிவிடுங்கள் என்று கடிதம் வந்தது. நகரத்து ஆபீஸ் எனக்கு ஒரு படிவம் அனுப்பியது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் உறவினர் பெயர், உறவுமுறை, வீட்டு முகவரி மூன்றும் வேண்டும். வருஷா வருஷம் அந்த நாளுக்கு முன்னால் குடும்பத்துக்குத் தபாலில் ஒரு கடிதம் வரும், அதற்காக.

நூற்றுச்சொச்சம் பெயர்களை இழுத்து ஒட்டினேன். ஹம்ஸினியின் வரியில் வந்து நின்றேன். "எங்களுடையவள்" என்பதை அந்தப் படிவம் ஏற்கவில்லை, சிவப்பாகக் காட்டியது. தகப்பன் என்று நான் போடவேண்டும். முகவரிக்கு எங்கள் வீட்டு விலாசத்தைப் போடவேண்டும். வருஷா வருஷம் ஓஹையோவிலிருந்து தபால்காரர் ஒரு கவரைக் கொண்டுவந்து விஜி கையில் கொடுப்பார். அவள் பிரிப்பாள். அவள் உடைந்துபோவாள் என்று பயந்தேன். இல்லை, அதுவும் பாதிப் பொய். அவள் கேள்வி கேட்பாள், ஐந்து வருஷமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. அதற்குத்தான் பயந்தேன்.

அந்த வரியை நீக்கிவிட்டுப் படிவத்தை அனுப்பினேன். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி வெப்சைட்டை எடுத்துவிட்டு, இடம் மாறிய விவரத்தை மட்டும் சொல்லும் ஒற்றைப் பக்கத்தைப் போட்டேன். எல்லாம் சுத்தமாக முடிந்தது என்று ஹாஜாவிடம் சொன்னேன்.

நவம்பர் கடைசியில் சர்வரிலிருந்து ஒரு மாத அறிக்கை வந்தது. இல்லாத பக்கங்களை யாராவது தேடி வந்தால் அதையெல்லாம் குறித்து அனுப்பும். பெரும்பாலும் குப்பைதான், பார்க்காமலே மூடுவேன். அன்றைக்கு மதியம் வேலை இல்லாததால் திறந்தேன். நினைவுப் பக்கத்தை ஒரே ஆள் எழுபத்தொரு தடவை தேடியிருக்கிறார். பக்கம் இல்லை, பக்கம் இல்லை என்று எழுபத்தொரு வரி.

எந்த இணைப்பு என்று பார்த்தேன். எங்கள் வீட்டு இணைப்பு. நான் உள்ளே வந்து போவது வருகைக் கணக்கைக் கெடுக்கக் கூடாது என்று, தொடங்கிய நாளிலேயே வீட்டு எண்ணையும் ஆபீஸ் எண்ணையும் கணக்கில் சேர்க்காதே என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அதனால் ஐந்து வருஷமாக அந்த வீட்டிலிருந்து யார் வந்தது போனது எதுவும் என் கண்ணில் படவில்லை. இல்லாத பக்கங்களின் கணக்குக்கு அந்தத் தடை கிடையாது.

நேரத்தைப் பார்த்தேன். மாலை 6.38. 6.40. 6.41. மறுநாள் 6.40. அதற்கு மறுநாளும் அதே.

விஜி வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். ஆறரைக்குப் பிள்ளைகள் போய்விடும். நான் எட்டு மணிக்குத்தான் போவேன். அந்த இடைவெளி முழுக்க அவளுடையது. கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தோன்றாமல் இறங்கி, சமாதானபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போனேன்.

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன, டியூஷன் முடியவில்லை. உள்ளறையில் போய் உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்குப் பிள்ளைகள் போனார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு, நான் இருப்பது தெரிந்தும், நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். விரலால் இரண்டு மூன்று தடவை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"விஜி, அந்தப் பக்கம் இனி வராது" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும். ஒரு மாசமா வரலையே."

"உனக்கு எப்படி..."

"கொரோனா சமயத்துல நீங்க குளிக்கப் போயிட்டீங்க. சாப்பாட்டு மேசையில தொறந்து கெடந்துச்சு. பேரு இருந்துச்சு, நேரம் இருந்துச்சு. முதல்ல ஒண்ணும் புரியல. பொறவு கீழ எழுதியிருந்ததைப் படிச்சேன். குடும்பத்தார் இல்லாதவங்களுக்கு எங்கள்ல ஒருத்தர் நிப்போம்னு."

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நீங்க மறைச்சு வச்சிருந்தீங்க. கேட்டா எடுத்துப்போட்டிருவீங்களோன்னு பயம். அதான் கேக்கல." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை, பால் அடுப்புல இருக்கும்போது போன்ல பார்ப்பேன். பேரு வாசிப்பாங்க. அவங்களுக்கு வாயில நொழையாது, ஹம்-சீ-னிம்பாங்க. ஒரு தாத்தா எந்திரிப்பாரு. கம்பை ஊனிக்கிட்டு ரெண்டு தடவை முயற்சி பண்ணித்தான் எந்திரிக்க முடியும். நீல ஸ்வெட்டர். ஜெபம் முடியுத வரைக்கும் ஒக்காரமாட்டாரு. இங்கன நானும் நின்னுக்கிடுவேன்."

மூடிய கண்ணோடு நான் படுத்திருந்த இடத்துக்கும் அந்தச் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், உறவுமுறைக் கட்டம், தபால், அந்த வரியை நானே நீக்கியது. ஆற்றங்கரையில் கல் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதி வச்சிருந்த ஒரே எடத்துலருந்தும் நீங்களே எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"அஞ்சு நிமிஷத்துல திரும்பப் போட்டுருவேன் விஜி. எல்லாம் எங்கிட்ட இருக்கு. அதே பக்கம், அதே மாதிரி."

"போடலாம். பேரு இருக்கும். எந்திரிச்சு நிக்க அங்கன யாரு இருக்கா?"

அன்றைக்கே நகரத்து ஆபீஸுக்கு எழுதினேன். தகப்பன் என்று போட்டேன், விலாசம் போட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. இந்த வருஷப் பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது, அடுத்த வருஷம் கட்டாயம் சேர்க்கிறோம் என்றார்கள். சால் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டிருந்தேன். அவ்வளவு தூரம் அவரால் வர முடிவதில்லை, இதுவரை ஒரு வெள்ளிக்கிழமையும் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

கிஸ்லேவ் பதின்மூன்று டிசம்பர் முதல் வாரம் வந்தது. சனிக்கிழமை ஐந்தரைக்கு நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். விஜி பாலை அடுப்பில் வைத்திருந்தாள். மேடையில் போனைச் சாய்த்துவைக்கும் சீனிச் சம்படம் இருந்தது, அதன்மேல் போன் இல்லை. என்னைப் பார்த்ததும் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு நேராக நின்றாள்.

"நீங்க வாசிங்க," என்றாள். "நான் நிக்கேன்."

ஒரு பெயர்தானே, வாசித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த எழுத்துகளை எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன், திருத்தியிருக்கிறேன், அழித்திருக்கிறேன். வாயால் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. பிறந்தபோதும் சொல்லவில்லை, குழிக்குள் வைத்தபோதும் சொல்லவில்லை. சத்தம் வரவில்லை. விஜி உட்காரவில்லை, காத்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி மேடையில் வழிந்தது. அதை அவளும் துடைக்கவில்லை.

"ஹம்ஸினி" என்றேன்.

ஐந்து வருஷம் முன்பின் தெரியாத வயசாளிகள் வாயில் நுழையாமல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெற்ற நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கூப்பிட்டேன். விஜி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.